சோறு ருசி பார்க்கிற ரீச்சர்

மன்னாருக்கு வந்த முதல் காலையில் யசோதா கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, அதை அப்படியே வாழையடியில் துப்பினாள். உப்பு. உப்போடு இரும்பும் பாசியும் சேர்ந்த ஒரு வழவழப்பு. முகம் கழுவினால் முகம் ஒட்டியது. தலை முழுகினால் மயிர் தும்புக்கயிறு போல ஆனது. மூன்றாம் நாள், காயப்போட்டிருந்த அவளுடைய ஒரேயொரு வெள்ளைச் சேலையில் காகம் ஒன்று மீன் குடலைப் போட்டுவிட்டுப் பறந்தது. படலையைத் திறந்தால் கழுதை விட்டை. அந்தக் கழுதைகளில் ஒன்று எதையோ சவைத்தபடி தினமும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அது ஒண்டும் செய்யாது ரீச்சர்," என்றாள் வீட்டுக்காரி மாக்கிறட். "புது ஆள் எல்லோ. பாத்து வைக்குது."

"அது வாயில என்ன அன்ரி?"

மாக்கிறட் எட்டிப் பார்த்தாள். "ஆரின்ரையோ குழந்தையின்ர பம்பஸ் போலக் கிடக்கு."

யசோதா அன்று காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அவள் பிறந்தது நாமக்கல் பக்கத்து அகதி முகாம் ஒன்றில். தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கத்துப் பாப்பாமோட்டையிலிருந்து வள்ளமேறிப் போன தகப்பனும் தாயும் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். கணிதத்தில் பட்டம் எடுத்தாள். ஆனால் அகதிக்கு அங்கே அரசாங்க வேலை இல்லை. இருபத்தேழு வயதில் தனியாக விமானமேறி, ஒருநாளும் காணாத தன் சொந்த நாட்டுக்கு வந்தாள். அவளுடைய இந்தியப் பட்டத்தை ஏற்றுக்கொள்வதா என்று கொழும்பில் இன்னும் முடிவாகவில்லை. அதுவரை மன்னார் நகரத்தின் கடற்கரைப் பக்கமாக இருந்த சின்ன ஆரம்பப் பாடசாலை ஒன்றில் தொண்டர் ஆசிரியை. மூன்று மாதம் முடிய அதிபர் ஒரு கடிதம் கொடுத்தால் தொடர்ந்து இருக்கலாம்.

அந்தக் கடிதத்தை நம்பி அவளுடைய வேலை மட்டும் இருக்கவில்லை. தகப்பன் பொன்னையா அவளை அனுப்பும்போது சொன்னது இது: "நீ முன்னுக்குப் போய்ப் பார். இருக்கலாம் எண்டு சொன்னால் நாங்களும் வாறம்." மூன்று மாதம் முடிகிற கையோடு, அவரும் நாடு திரும்பும் விண்ணப்பத்தை முகாம் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் முகாம் வீடு போய்விடும். மாறி யோசிக்க இடமில்லை. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் அவர் தொலைபேசியில் கேட்பார்.

"எப்பிடிப் பிள்ளை, இருக்கலாமோ?"

"பரவாயில்லப்பா," என்பாள் யசோதா.

முகாமில் கழிப்பறைக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள் அவள். அசுத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் முகாமின் நாற்றம் எங்கேயிருந்து வருகிறது, எப்போது வரும், யார் காரணம் என்று அவளுக்குத் தெரியும். இங்கே எதுவும் தெரியாது. காற்று திரும்பினால் கரையில் மீன் காயப்போடும் கருவாட்டு வாடியின் நாற்றம் வந்து அறைக்குள் படுத்துக்கொண்டது. சொதி என்று மாக்கிறட் ஊற்றியது அவளுக்கு மஞ்சள் கரைத்த கை கழுவிய தண்ணீராகத் தெரிந்தது. சம்பலில் மரத்தூள் போல மாசிக் கருவாட்டுத் தூள். எல்லாவற்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

பாடசாலையிலும் அப்படித்தான். அதிபர் பீற்றர் சேர் காலைக் கூட்டம் முடிந்ததும் கதிரையில் சாய்ந்து, வரவு இடாப்பின் மேல் கையை வைத்து நகம் வெட்டுவார். வெட்டிய துண்டுகளை வெண்கட்டிப் பெட்டிக்குள் தட்டுவார். அந்தப் பெட்டியைத்தான் யசோதா வகுப்புக்கு எடுத்துப் போக வேண்டும். பிள்ளைகள் அவளுக்கு இந்தியா ரீச்சர் என்று பெயர் வைத்தார்கள். ஊரார் "ஓம்" என்பதை "ஆமா" என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மூன்றாம் வகுப்பு முழுக்க "ஆமா, ஆமா" என்று பாடியது.

இரண்டாம் கிழமை பீற்றர் சேர் அவளைக் கூப்பிட்டு நீளமான புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"மதியச் சாப்பாட்டுப் பதிவேடு. பிள்ளையளுக்குப் போட முந்தி ஒரு ஆசிரியர் ருசி பாத்து எழுதிக் கையெழுத்து வைக்கோணும். சட்டம். நீங்கள்தானே புதுசு, நீங்கள் செய்யுங்கோ."

மதியச் சாப்பாடு என்று பெயரேயொழிய, பத்தரை மணி இடைவேளைக்கே கொடுத்துவிடுவார்கள். எழுபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அதைச் சமைத்து அனுப்புகிறவள் யசோதாவின் வீட்டுக்காரி மாக்கிறட்தான். யசோதா பதிவேட்டைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்தில், மேலிருந்து கீழே ஒரே சொல்: திருப்தி. திருப்தி. திருப்தி.

"சார், இது பௌர்ணமிப் போயா நாள். ஸ்கூல் லீவு. அன்னைக்கும் திருப்தின்னு போட்டிருக்கே."

"போயாவில ஆர் ரீச்சர் குறை சொன்னது?" என்றார் பீற்றர் சேர்.

பக்கத்து மேசை நூர்ஜஹான் ரீச்சர் சிரித்தாள். பதினாறு வருடமாக அங்கே படிப்பிக்கிறவள். இடைவேளையில் அவள்தான் யசோதாவுக்கு விளங்கப்படுத்தினாள்.

"ருசி பாத்தா ஏதாவது சொல்ல வேணும். சொன்னா மாக்கிறட்டோட சண்டை. மாக்கிறட்டோட சண்டையெண்டா அவட தங்கச்சியோட, மச்சாளோட, பாதி றோட்டோட சண்டை. பேசாமக் கையெழுத்தை வைங்க. ஊர் சின்னது ரீச்சர்."

யசோதாவுக்கு இது நக வெட்டுத் துண்டுகளைவிட அருவருப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்துச் சோற்றில் வளர்ந்தவள் அவள். யாரும் வாயில் வைத்துப் பார்க்காத சோற்றை எழுபத்திரண்டு பிள்ளைகளுக்கு எப்படிப் போடுவது? அடுத்த நாள் காலை, முச்சக்கர வண்டியில் சட்டிகள் வந்ததும் அவளே போய் மூடியைத் திறந்தாள்.

மேலெழுந்து வந்த மணத்தில் கண் எரிந்தது. ஏதோ மீனை உதிர்த்துத் தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டு வறுத்திருந்தது. கரண்டி நுனியால் எடுத்து நாக்கில் வைத்தாள். மூக்குக்குள் ஏறியது. ஓடிப்போய் வேலியோரம் துப்பினாள்.

"இது கெட்டுப் போச்சு. யாருக்கும் போடாதீங்க. மூத்திர நாத்தம் அடிக்குது."

பிள்ளைகள் கோப்பைகளோடு வரிசையில் நின்றார்கள். யாரோ ஒரு பெடியன் ஓடிப்போய்ச் சொல்ல, அரை மணித்தியாலத்தில் மாக்கிறட் வந்தாள். ஒரு கோப்பையை எடுத்துச் சோறும் வறையும் நிறையப் போட்டு, பாடசாலை விறாந்தையில் எல்லோருக்கும் நடுவே சப்பணம் கட்டியிருந்து சாப்பிடத் தொடங்கினாள். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். பிறகு விரலை நக்கினாள்.

"திருக்கை வறை," என்றாள். "விடிய வந்த திருக்கை. அது அப்பிடித்தான் மணக்கும் ரீச்சர். மணக்காட்டித்தான் யோசிக்கோணும்."

பீற்றர் சேரும் ஒரு கோப்பை சாப்பிட்டார். பிறகு இன்னொன்றும் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் ஆறிப்போன சோற்றை வேகவேகமாக அள்ளி விழுங்கினார்கள். பதிவேட்டில் யசோதா என்ன எழுதுவதென்று தெரியாமல் நிற்க, பீற்றர் சேர் பேனையை வாங்கித் தானே எழுதினார்: திருப்தி.

மூத்திரம் என்ற சொல் அன்று பின்னேரத்துக்குள் றோட்டு முழுக்கப் போய்விட்டது. கடைக்குப் போனால் மீன்காரர் திருக்கையைத் தூக்கிக் காட்டி, "ரீச்சருக்கு ஒரு துண்டு வெட்டட்டோ?" என்றார். முச்சக்கர வண்டிக்காரன், "பயப்பிடாமல் ஏறுங்கோ, உள்ளுக்குத் திருக்கை இல்லை," என்றான். அவள் நடந்து போகையில் சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. மாக்கிறட் மட்டும் கேலி செய்யவில்லை. கிழமையில் இரண்டு நாள் அவளுடைய கோப்பையில் ஒரு திருக்கைத் துண்டை வைத்து, "பழகும் ரீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போவாள். யசோதா அதை விழுங்கிவிட்டு, கிணற்றுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வருவாள்.

"எப்பிடிப் பிள்ளை, இருக்கலாமோ?"

"பரவாயில்லப்பா."

அவள் ருசி பார்ப்பதை விடவில்லை. நாக்கு நுனியில் தொட்டு, குமட்டலை அடக்கி, திருப்தி என்று எழுதினாள். பிடிக்காதது வேறு, கெட்டுப்போனது வேறு என்று மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டாள். அப்படி ஒன்பது கிழமை போனது.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது.

புதன் பின்னேரமே மாக்கிறட் பருப்புக்கறியை வைத்துவிட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் முருங்கன் ஆசுப்பத்திரிக்குக் கிளினிக் போக வேண்டும்; சோற்றை மட்டும் தங்கச்சி காலையில் ஆக்கி அனுப்புவாள். தேங்காய்ப்பால் விட்டு இறக்கி, சூட்டோடு மூடியைப் போட்டுக் குசினி மூலையில் வைத்ததை யசோதா பார்த்தாள். மன்னார் வெக்கையில் பால் விட்ட கறி ஒரு இரவு முழுக்கத் தாங்குமா என்று ஒரு கணம் யோசித்தாள். கேட்கவில்லை. கேட்டால், திருக்கை ரீச்சர் பருப்பிலும் பிழை பிடிக்கிறா என்று வரும்.

பத்தரைக்குச் சட்டி வந்தது. மூடியைத் திறந்தாள். கறியின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன நுரை. நாக்கில் வைத்தாள். சுருக்கென்றது. இதற்கு ஊர்ப் பழக்கம் தேவையில்லை. புளித்த பருப்பு நாமக்கல்லிலும் புளித்த பருப்புத்தான்.

அவள் கரண்டியோடு நின்ற நேரம் கொஞ்சம் நீண்டுவிட்டது. வரிசையில் நின்ற இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். கந்தோர் வாசலிலிருந்து பீற்றர் சேர் கேட்டார்.

"என்ன ரீச்சர், இண்டைக்கும் மூத்திரமோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நூர்ஜஹான் ரீச்சரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். யசோதாவும் சிரித்தாள். பதிவேட்டை எடுத்து, திருப்தி என்று எழுதி, கையெழுத்து வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் வகுப்பு முதல் வாங்கில் இருந்த ஹம்சிகா, பெருக்கல் கணக்கின் நடுவே, எந்தச் சத்தமும் இல்லாமல் கொப்பியின் மேல் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, கொப்பி பழுதாகிவிட்டதே என்று அழுதாள். அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோகும்போதே பின் வாங்கில் இன்னொருவன். பிறகு இரண்டாம் வகுப்பில் மூன்று பேர். கழிப்பறை வாசலில் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். சிலருக்கு உள்ளே போக நேரம் கிடைக்கவில்லை. மொத்தம் பத்தொன்பது பேர். முச்சக்கர வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆசுப்பத்திரிக்கு ஓடின.

யசோதா மண் போட்டு அள்ளினாள். சட்டைகளைக் கழற்றிக் கழுவினாள். முழங்கைவரை பிள்ளைகளின் வாந்தி. காகம் போட்ட குடலைக் குச்சியால் தள்ளியவள் அவள். இதைக் கையால் அள்ளினாள். வாந்திக்குள் பருப்பு அரைபடாமல் அப்படியே கிடந்தது. அதன் புளிப்பு மணத்தை அவள் பத்தரை மணிக்கே அறிந்திருந்தாள். கையை எத்தனை தரம் கழுவினாலும் அவளுக்குப் போதவில்லை.

இருட்டுவதற்கு முன் பதினேழு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மற்ற இருவரும் அடுத்த நாள் வந்தார்கள். ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பீற்றர் சேர் அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். இரண்டரை மாதத்தில் முதல் தடவை.

"இருங்கோ ரீச்சர். தேத்தண்ணி குடியுங்கோ." தன்னுடைய பணிஸையும் பாதி பிய்த்து அவள் பக்கம் தள்ளினார். "சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. வாறார். படலையடியில ஆரோ ஐஸ்பழம் வித்தவன் எண்டு நான் சொல்லுவன். நீங்கள் ஒண்டும் புதுசாச் சொல்லத் தேவையில்லை. பதிவேட்டில என்ன எழுதினனீங்களோ, அதைச் சொன்னாக் காணும்."

"சார், பருப்பு..."

"உங்கட கடிதத்தை இண்டைக்கே எழுதத் தொடங்கிட்டன்," என்று அவர் மேசையில் கிடந்த தாளைத் தொட்டுக் காட்டினார்.

நூர்ஜஹான் ரீச்சர் அவளுடைய தோளில் கையை வைத்தாள். அந்தக் கை உண்மையாகவே அன்பாக இருந்தது. "யோசியாதீங்க. எங்க எல்லாருக்கும் ஒருக்கா நடந்ததுதான். இப்பத்தான் நீங்க மன்னார் ஆள்."

பணிஸில் அவருடைய விரல் அடையாளம் பதிந்திருந்தது. யசோதா அதைத் தொடவில்லை. திருக்கையைக்கூட அவள் விழுங்கியிருந்தாள்; இதை முடியாது. இத்தனை நாள் அவள் ஆசைப்பட்டது இந்தக் கதிரைக்கும் இந்தக் கைக்கும்தான். இரண்டும் பத்தொன்பது பிள்ளைகளின் வாந்திக்குக் கூலியாக வந்திருந்தன. கடிதம் வந்தால் அப்பாவிடம் வாங்கோ என்று சொல்லலாம். சொன்னால் அம்மாவும் அப்பாவும் வந்து இந்தக் கூலியில்தான் குடியிருப்பார்கள்.

பி.எச்.ஐ. இளம் ஆள். கோவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கதான் ருசி பார்த்தீங்களா?"

"ஆமா."

"எப்படி இருந்தது?"

பீற்றர் சேர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளிச்சிருந்துச்சு," என்றாள் யசோதா.

"திருப்தி என்று எழுதியிருக்கீங்க."

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

பேனை நின்றது. "ஏன்?"

"சிரிப்பாங்கன்னு."

பி.எச்.ஐ. தாளைப் பார்த்தார். "இதை நான் எப்படி எழுதுறது?" என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு எழுதத்தான் செய்தார்.

சாப்பாடு இரண்டு கிழமைக்கு நிறுத்தப்பட்டது. மாக்கிறட்டின் ஒப்பந்தம் விசாரணை முடியும்வரை இல்லை. பி.எச்.ஐ. போனதும் பீற்றர் சேர் மேசையில் கிடந்த தாளை எடுத்து, பதிவேட்டுக்கு அடியில் வைத்தார்.

"கடிதம், சார்?"

"பாப்பம்," என்றார் அவர். நூர்ஜஹான் ரீச்சர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

வீட்டுக்குப் போனபோது மாக்கிறட் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. நிமிராமலே பேசினாள்.

"நீர் சொன்னது சரி. முதல் நாள் வைச்சது என்ர பிழை. அதுக்கு என்னை என்னவும் செய்யட்டும்."

யசோதா நின்றாள்.

"ஒண்டுதான் கேக்கிறன். ருசி பாத்தனீர். புளிச்சது தெரிஞ்சது. என்ர நம்பர் உம்மட்ட இருக்கு. ஒரு கோல் எடுத்திருந்தா, கொட்டுங்கோ, கடையில பாணும் வாழைப்பழமும் வாங்கிக் குடுங்கோ எண்டு சொல்லியிருப்பனே. பி.எச்.ஐ.க்குச் சொன்னதை எனக்குச் சொல்லேலாமல் போச்சோ?"

மாக்கிறட் கத்தியை வாளித் தண்ணீரில் அலசினாள்.

"அண்டைக்குத் திருக்கையைப் பழுதெண்டு சொன்னீர் பாரும், அண்டைக்கு எனக்கு உம்மில கோவம் வரேல்லை. என்ர சாப்பாட்டை ஒரு ஆள் வாயில வைச்சுப் பாத்திருக்கு எண்டு நினைச்சன்." குடலை அள்ளிக் காகங்களுக்கு வீசினாள். "வீட்டை விட்டுப் போகச் சொல்லேல்லை. இரும். ஆனா சாப்பாடு இனி நீரே சமையும். என்ர கையால உமக்குத் தரமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கமான நேரத்துக்கு எடுத்தார். திரையில் அவருக்குப் பின்னால் முகாம் வீட்டுத் தகரச் சுவர். பக்கத்தில் அம்மாவின் கை மட்டும் தெரிந்தது.

"எப்பிடிப் பிள்ளை, இருக்கலாமோ? நாளைக்குப் போமைக் குடுக்கப் போறன்."

யசோதா சொன்னாள். தண்ணீரிலிருந்து தொடங்கினாள். காகம், கருவாட்டு வாடி, வெண்கட்டிப் பெட்டி, திருக்கை, பருப்பு, ஹம்சிகாவின் கொப்பி, பணிஸ், மாக்கிறட். ஒன்றையும் விடவில்லை. தான் எழுதிய சொல்லையும் சொன்னாள். அம்மாவின் கை திரையிலிருந்து போய்விட்டது.

"அப்ப, நீ பரவாயில்லை எண்டு சொன்னதெல்லாம்?" என்றார் அப்பா.

"பொய்ப்பா. ஒரு வாரம்கூடப் பரவாயில்லாம இருந்ததில்ல."

"அங்க உள்ள சனம் கூடாத சனமோ?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "எனக்கு இப்ப எல்லாரையும்விட என்னைத்தான் பிடிக்கல. என் நாக்கை நம்பி நீங்க வீட்டை விட்டுட்டு வர வேணாம். லெட்டர் வருமான்னே தெரியாது. ஃபாரம் குடுக்காதீங்க."

"அப்ப நீ என்ன செய்யப் போறாய்?"

"நாளைக்கு ஸ்கூல் இருக்கு. போவேன். போகக்கூடாதுன்னு சொன்னா, வாசல்ல நிக்க வெச்சுச் சொல்லட்டும்."

"சாப்பாடு?"

"ஒரு அடுப்பு வாங்கணும்."

அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மா பெட்டியெல்லாம் கட்டி வைச்சிட்டா பிள்ளை. போன கிழமையே."

"அவுக்கச் சொல்லுங்கப்பா," என்றாள் யசோதா.

அந்தப் பக்கத்தில் பெட்டிக் கயிற்றை அறுக்கும் சத்தம் கேட்கும்வரை அவள் தொலைபேசியை வைக்கவில்லை.